தேர்தல் தரவு இதழியலில் முதல் வாய்ப்பு: ஒரே ஒரு தொகுதியை வைத்து உள்ளே நுழைவது எப்படி

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. இரவு 7 மணி நிலவரப்படி 72.09 சதவீதம் என்று அறிவித்தார்கள். மறுநாள் அது 69.46 ஆகிவிட்டது. கடைசியாக நிலைத்தது 69.72. மாநிலத்தில் அப்போது 6.23 கோடி வாக்காளர்கள். முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 15 லட்சம் ஓட்டு வித்தியாசம்.

முதலில் சொன்னது எல்லா வாக்குச்சாவடிகளின் கணக்கும் வந்து சேர்வதற்கு முன் போட்ட மதிப்பீடு. கடைசியில் வந்தது சாவடிக் கணக்குகளைச் சேர்த்துச் சரிபார்த்தது. அன்று இரவு செய்தி மேசையில் இருந்த யாராவது ஒருவர், "இது மதிப்பீடா, எண்ணிய கணக்கா?" என்று கேட்டிருந்தால், தலைப்பில் 72 என்று பெரிதாகப் போட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஆள்தான் தேர்தல் தரவுச் செய்தியாளர். வரைபடம் போடுவது, நிறம் தீட்டுவது எல்லாம் அதற்குப் பிறகு.

படித்து முடித்த கையோடு, அல்லது படிக்கும்போதே, இந்தத் துறைக்குள் நுழைய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்து ஒன்றுதான்: பத்துச் சான்றிதழ் படிப்புகளைவிட, ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதியைச் சாவடி சாவடியாகத் தெரிந்து வைத்திருப்பது உங்களை வேகமாக உள்ளே கொண்டுபோகும்.

வாய்ப்பு எங்கே இருக்கிறது

தேர்தல் வருகிறது என்றாலே செய்தி நிறுவனங்களுக்கு ஆள் தேவைப்படும். தொலைக்காட்சிகளிலும் நாளிதழ்களிலும் சில மாதங்களுக்கு மட்டும் ஒரு தேர்தல் மேசை உருவாகும். பழைய முடிவுகளைத் தொகுக்க, வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைப் படிக்க, வாக்கு எண்ணும் நாளில் சுற்று விவரங்களைச் சரிபார்க்க ஆட்களைத் தற்காலிகமாக எடுப்பார்கள். பெரும்பாலும் விளம்பரமே வராது. உள்ளே இருப்பவர் யாரையாவது கைகாட்டுவார். அதனால் தேர்தல் தேதி அறிவித்த பிறகு தேட ஆரம்பித்தால் தாமதம். ஆறேழு மாதம் முன்பே உங்கள் வேலை யார் கண்ணிலாவது பட்டிருக்க வேண்டும்.

நிரந்தரமாகத் தரவு வேலை நடக்கும் இடங்களும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆங்கில நாளிதழான தி இந்துவில் தனித் தரவுக் குழு இருக்கிறது. இந்தியாஸ்பெண்ட், ருக்மிணி எஸ். தொடங்கிய டேட்டா ஃபார் இந்தியா போன்றவை முழுக்கத் தரவை நம்பி நடப்பவை. டெல்லியில் உள்ள சிஎஸ்டிஎஸ் ஆய்வு நிறுவனத்தின் தேர்தல் ஆய்வுப் பிரிவான லோக்நீதி, தன் ஆய்வுகளுக்குக் கல்லூரி மாணவர்களைக் களப்பணிக்கு எடுப்பது வழக்கம். கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போன அனுபவம் இருந்தால், ஒரு கருத்துக்கணிப்பு எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது தானாகப் புரிந்துவிடும். வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

படி 1: தொகுதியைத் தேர்ந்தெடுங்கள்

தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். நீங்கள் வளர்ந்த தொகுதியையே எடுங்கள். எந்தப் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது, எந்தச் சாவடியில் மீனவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள், எங்கே புதிதாக அடுக்குமாடி வந்திருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். டெல்லியில் உட்கார்ந்து கணினியில் பார்ப்பவருக்கு இது கிடைக்காது.

தொகுதியைப் பெயரால் அல்ல, எண்ணால் குறிக்கப் பழகுங்கள். ஆத்தூர் என்று இரண்டு தொகுதிகள் உண்டு: சேலம் மாவட்டத்தில் 82, திண்டுக்கல் மாவட்டத்தில் 129. திருப்பத்தூரும் இரண்டு: வட தமிழ்நாட்டில் 50, சிவகங்கை மாவட்டத்தில் 185. பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைத்தால் ஓர் ஆத்தூரின் ஓட்டு இன்னொரு ஆத்தூருக்குப் போய்விடும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது.

படி 2: தாள்களைச் சேருங்கள்

முதலில் வேண்டியது படிவம் 20. ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை ஓட்டு விழுந்தது என்ற இறுதி முடிவுத் தாள் இது. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி வாரியாகப் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களுக்கும், 2019, 2024 மக்களவைத் தேர்தல்களில் உங்கள் சட்டமன்றப் பகுதிக்கும் எடுத்துக்கொண்டால் நான்கு தேர்தல் கையில் இருக்கும்.

அடுத்து, அந்தந்தத் தேர்தலின் வாக்குச்சாவடிப் பட்டியல். சாவடி எண்ணோடு எந்தக் கட்டடம், எந்தெந்தத் தெருக்கள் என்று அதில் இருக்கும். இது இல்லாமல் படிவம் 20 வெறும் எண்கள்தான்.

வேட்பாளர் அளவிலான பழைய முடிவுகளுக்கு, அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் தொகுத்த லோக் டாபா என்ற தரவுத்தளம் இருக்கிறது. 1962 முதல் கிடைக்கும், சுத்தமாகவும் இருக்கும். வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரங்களுக்குப் படிவம் 26 பிரமாணப் பத்திரம். அவற்றைத் தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏடிஆர் அமைப்பு மைநேதா தளத்தில் தொகுத்துப் போடுகிறது. ஆனாலும் எழுதுவதற்கு முன் மூலப் பத்திரத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

படி 3: சுத்தம் செய்யுங்கள்

இங்கேதான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த வேலைக்கு ஆள் கிடைக்காததற்குக் காரணமும் இதுதான்.

படிவம் 20 பல தொகுதிகளுக்கு ஸ்கேன் செய்த படமாகவே இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் போட்டால் 1 ஏழாகும், 3 எட்டாகும். தமிழில் தட்டச்சான கோப்பு கிடைத்தால் அது வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கலாம். நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும், யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். ஒரு தொகுதிக்குச் சுமார் 300 சாவடி என்றால், சில சமயம் கையால் தட்டச்சு செய்வதே வேகமான வழி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எந்த வழியில் எடுத்தாலும் சரிபார்க்க அந்தத் தாளிலேயே வசதி இருக்கிறது. ஒரு வரிசையில் உள்ள வேட்பாளர்களின் ஓட்டைக் கூட்டினால், அந்தச் சாவடியின் மொத்தச் செல்லத்தக்க ஓட்டு வர வேண்டும். ஒரு பத்தியை மேலிருந்து கீழாகக் கூட்டினால், அந்த வேட்பாளரின் மின்னணு இயந்திர ஓட்டு மொத்தம் வர வேண்டும். வரிசையும் பத்தியும் இரண்டும் பொருந்தினால்தான் அந்தக் கட்டத்தை நம்பலாம். சில இடங்களில் தாளிலேயே கூட்டல் பொருந்தாமல் இருக்கும். அதைத் திருத்தாதீர்கள். தனித் தாளில் சாவடி எண்ணோடு குறித்து வையுங்கள்.

தபால் ஓட்டு சாவடி வாரியாக வராது. தாளின் கடைசியில் தனி வரியாக இருக்கும். அதனால் சாவடிகளைக் கூட்டினால் வேட்பாளரின் இறுதி மொத்தம் வரவில்லையே என்று பதற வேண்டாம். ஆனால் அந்த வரியை அலட்சியமாகவும் விடக்கூடாது. 2016-இல் ராதாபுரம் 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கு, நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டுகளைச் சுற்றியே நடந்தது. 2021-இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137.

நோட்டாவையும் எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். டெபாசிட் போனதா என்று பார்க்கும்போது நோட்டாவைச் சேர்க்காமல், செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு என்று கணக்கிட வேண்டும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் நன்றாகத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். பிறகு பைதான் அல்லது ஆர், இரண்டில் ஒன்று. வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், விளக்கப்படத்துக்கு டேட்டாராப்பர். எல்லாமே இலவசமாகத் தொடங்கக்கூடியவை. கருவியில் மாதக்கணக்கில் மூழ்கித் தாளைத் தொடாமல் இருப்பதுதான் ஆபத்து.

படி 4: ஒப்பிடுவதற்கு முன் நிறுத்துங்கள்

நான்கு தேர்தலும் அட்டவணையாகிவிட்டால் உடனே ஒப்பிடத் தோன்றும். தவறான செய்திகள் அதிகம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

எல்லையைப் பாருங்கள். 2008 மறுவரையறைக்குப் பிறகு தொகுதிகள் மாறிவிட்டன. சட்டமன்றத்துக்கு அது முதலில் பயன்பட்டது 2011-இல். பூங்கா நகர், புரசைவாக்கம், சேரன்மகாதேவி எல்லாம் மறைந்தன. சோழிங்கநல்லூர், ஆவடி, மதுரவாயல் போன்றவை புதிதாக வந்தன. பெயர் மாறாத தொகுதியிலும் உள்ளே இருக்கும் ஊர்கள் மாறியிருக்கும். ஆகவே 2006-ஐயும் 2011-ஐயும் அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது.

சாவடியும் மாறும். 2021-இல் கொரோனாவால் ஒரு சாவடிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பைக் குறைத்ததில், மாநிலத்தில் ஏறத்தாழ 88,900 சாவடிகள் இருந்தன. 2024-இல் ஏறத்தாழ 68,300. அதனால் 2021-இன் 57-ஆம் சாவடி, 2024-இன் 57-ஆம் சாவடி அல்ல. தெருக்களை வைத்துப் பொருத்தினால்தான் ஒப்பிடலாம். ஊரைத் தெரிந்த உங்களால் இதைச் செய்ய முடியும், மற்றவர்களுக்குச் சிரமம். விண்ணப்பத்தில் இதை முதலில் சொல்லுங்கள்.

அப்புறம் கூட்டணி. தமிழ்நாட்டில் இது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி. பாஜக 2019-இல் மாநில அளவில் 3.66 சதவீதம், 2024-இல் 11.24 சதவீதம். "மூன்று மடங்கு வளர்ச்சி" என்று எழுதத் தோன்றும். ஆனால் தாமரைச் சின்னம் 2019-இல் நின்றது 5 தொகுதியில், 2024-இல் 23 தொகுதியில். "அப்படியானால் வளர்ச்சியே இல்லை" என்று முடிப்பதும் தவறு. ஏனென்றால் 2019-இல் அந்த 5 தொகுதிகளிலும் அதிமுக ஓட்டு கூடவே இருந்தது, 2024-இல் இல்லை. அதிமுக பக்கம் பார்த்தால், இரட்டை இலை 2019-இல் 22 தொகுதியில் நின்றது, 2024-இல் 34-இல். இரண்டு தேர்தலிலும் மாநில அளவில் வாக்கு சதவீதம் 20-ஐ ஒட்டியே இருந்தது. அதே சதவீதம், ஆனால் அர்த்தம் வேறு. எத்தனை இடத்தில் நின்றார்கள், யாருடைய துணையோடு நின்றார்கள் என்ற இரண்டு விவரமும் இல்லாத வாக்கு சதவீதத்தை நான் அச்சில் விடமாட்டேன்.

சின்னமும் ஏமாற்றும். விழுப்புரத்தில் 2019-இல் விசிகவின் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார், 2024-இல் பானையில். ஆணையத்தின் கணக்கில் முதலாவது திமுக ஓட்டு, இரண்டாவது விசிக ஓட்டு. கட்சிப் பெயரோடு கூட்டணி என்று தனிப் பத்தி ஒன்றைச் சேர்த்து, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். வேட்பாளர் பெயரிலும் கவனம் வேண்டும். 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் வேறு சுயேச்சைகளும் நின்றார்கள்.

கடைசியாக, வகுக்கும் எண். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியல் 6.41 கோடியிலிருந்து வரைவில் 5.43 கோடியாகக் குறைந்தது. அதன்பின் பெயர் சேர்க்க அவகாசம் இருந்தது என்றாலும், சதவீதம் எப்படி ஆடும் என்று பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 4.5 கோடிப் பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வையுங்கள். பழைய பட்டியலுக்கு அது 70 சதவீதம், வரைவுப் பட்டியலுக்கு 83 சதவீதம். ஓர் ஆள்கூடக் கூடுதலாக வரிசையில் நிற்கவில்லை. இனி வாக்குப்பதிவை எழுதும்போது சதவீதத்தோடு ஓட்டுப் போட்டவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 5: மூன்று சிறிய செய்திகள் எழுதுங்கள்

தரவு மட்டும் போதாது, அதிலிருந்து செய்தி எடுக்கத் தெரியும் என்று காட்ட வேண்டும். உங்கள் தொகுதியை வைத்தே எழுதலாம்.

ஒன்று, சட்டமன்றத் தேர்தலுக்கும் மக்களவைத் தேர்தலுக்கும் நடுவே வாக்குப்பதிவு அதிகம் குறைந்த பகுதி எது, ஏன்? எண் சொன்ன பிறகு அங்கே நேரில் போய் நாலு பேரிடம் பேசுங்கள். பெரும்பாலும் காரணம் வெளியூர் வேலை, சாவடி இடமாற்றம், பட்டியல் பிழை என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். இரண்டு, தொகுதியில் வெற்றி வித்தியாசம் எந்தப் பகுதியிலிருந்து வந்தது? மூன்று, உள்ளாட்சித் தேர்தல். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின் வார்டு முடிவுகளை யாரும் அதிகம் தொடவில்லை. அவை இந்தியத் தேர்தல் ஆணையத்திடம் அல்ல, மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் இருக்கும். வார்டுத் தரவை ஒழுங்காக அட்டவணையாக்கி வைத்திருக்கும் இளைஞரை எந்த ஆசிரியரும் கவனிப்பார்.

ஒவ்வொரு செய்தியும் 500 சொல்லுக்குள். தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் இந்த வேலை செய்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், தமிழில் குறைவு.

படி 6: எதை எழுதக்கூடாது

இதைத் தனியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கையில் இருப்பது கத்தி.

ஒரு சாவடியில் ஆயிரம் பேர் அளவில்தான் வாக்காளர்கள். நம் கிராமங்களில் ஊருக்கு ஒரு சாவடி, காலனிக்கு ஒரு சாவடி என்று இருப்பது சாதாரணம். சாவடி எண்ணைப் பார்த்தாலே எந்தச் சமூகம் யாருக்கு ஓட்டுப் போட்டது என்று ஊகித்துவிடலாம். தோற்றவரோ ஜெயித்தவரோ அதை வைத்துத் தண்ணீர்க் குழாயிலும் சாலையிலும் பழிதீர்க்க முடியும். இதைத் தடுக்கத்தான், பல இயந்திரங்களின் ஓட்டைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. 2015-இல் சட்ட ஆணையமும் ஆதரித்தது. நடைமுறைக்கு வரவில்லை. தரவு பொதுவில்தான் இருக்கிறது, உண்மை. ஆனாலும் "இந்தத் தெரு இவருக்குப் போட்டது" என்ற செய்தியை எழுதாதீர்கள். பத்துப் பதினைந்து சாவடிகளைச் சேர்த்து ஒரு பகுதியாகச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் உள்ள தனிநபர் விவரங்களை எந்த அட்டவணையிலும் வெளியிடாதீர்கள்.

சாவடியில் ஒரு சமூகம் அதிகம், அங்கே ஒரு கட்சிக்கு ஓட்டு அதிகம், ஆகவே அந்தச் சமூகம் அந்தக் கட்சிக்குப் போட்டது என்று முடிப்பதும் தவறான கணக்கு. மொத்தத்திலிருந்து தனி ஆளின் ஓட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

பிரமாணப் பத்திரத்தில் இருப்பது நிலுவை வழக்கு என்றால் நிலுவை வழக்கு என்றே எழுத வேண்டும். குற்றவாளி என்ற சொல் தீர்ப்புக்குப் பிறகுதான். ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டு எடுக்கும் கணிப்புகளை (எக்ஸிட் போல்) அறிவிக்கப்பட்ட காலத்தில் வெளியிட, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு தடை விதிக்கிறது. உங்கள் சொந்தச் சமூக ஊடகக் கணக்கும் அதில் அடங்கும் என்று நினைத்தே நடந்துகொள்ளுங்கள்.

படி 7: விண்ணப்பியுங்கள்

நீண்ட சுயவிவரம் வேண்டாம். தரவுக் குழுவின் ஆசிரியருக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல். இப்படி எழுதலாம்:

"வணக்கம். என் சட்டமன்றத் தொகுதியின் நான்கு தேர்தல் படிவம் 20 தாள்களைச் சாவடி வாரியாக அட்டவணையாக்கி, வரிசையும் பத்தியும் கூட்டிச் சரிபார்த்திருக்கிறேன். 2021, 2024 சாவடிகளைத் தெருப் பட்டியலை வைத்துப் பொருத்தியிருக்கிறேன். பொருந்தாத இடங்கள் தனித் தாளில் உள்ளன. இதிலிருந்து எழுதிய மூன்று செய்திகளும் மூலக் கோப்புகளும் இணைப்பில். உங்கள் தேர்தல் மேசையில் இதே வேலையைச் செய்ய விரும்புகிறேன்."

பொருந்தாத இடங்களின் தாளை மறக்காமல் இணையுங்கள். பலரும் அதை மறைப்பார்கள். ஆனால் ஆசிரியர் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான் என்று நான் நம்புகிறேன்.

கூப்பிட்டால் ஒரு சிறு தேர்வு வைக்கலாம். ஒழுங்கில்லாத ஓர் அட்டவணை தந்து, இரண்டு மணி நேரத்தில் என்ன செய்தி என்று கேட்பார்கள். உடனே விளக்கப்படத்துக்குத் தாவாமல், எந்த வரியை நம்பவில்லை, ஏன் என்பதை முதலில் எழுதுங்கள்.

படி 8: வாக்கு எண்ணும் நாள்

காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு, அரை மணி கழித்து இயந்திரங்கள். வழக்கமாக ஓர் அரங்கில் 14 மேசை. முதல் சுற்றில் 1 முதல் 14 வரையிலான சாவடிகள், அடுத்ததில் 15 முதல் 28 வரை என்று வரிசையாகப் போகும். 280 சாவடி என்றால் 20 சுற்று. ஆகவே மூன்றாம் சுற்று முன்னிலை என்பது தொகுதியின் ஒரு மூலையின் முன்னிலை. நகரச் சாவடிகள் முன்னால் வருகிறதா, கிராமச் சாவடிகள் முன்னால் வருகிறதா என்று தெரிந்தவர்தான் "இன்னும் எந்தப் பகுதி மீதி இருக்கிறது" என்று சொல்ல முடியும். இரண்டாயிரம் ஓட்டு முன்னிலையை வெற்றி என்று திரையில் போடலாமா என்று ஆசிரியர் திரும்பிப் பார்க்கும்போது, உங்கள் தொகுதிக்காவது உங்களிடம் பதில் இருக்கும்.

எந்த எண்ணையும் நேரம் குறிப்பிடாமல் எழுதாதீர்கள். ஆணையத்தின் தளத்தில் வந்ததா, கட்சி முகவர் சொன்னதா, செய்தியாளர் அனுப்பியதா என்று பக்கத்திலேயே குறியுங்கள். மாலையில் யாராவது கேட்பார்கள்.

முடிவு வந்த மறுவாரம் மேசை கலைந்துவிடும், ஒப்பந்தமும் முடியும். சேரும்போதே இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: செய்தியில் உங்கள் பெயர் வருமா, நீங்கள் சுத்தம் செய்த தரவை நீங்களும் வைத்துக்கொள்ளலாமா. படிவம் 20 முடிவு நாளில் வராது, பிறகுதான் ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் எல்லோரும் வேறு செய்திக்குப் போயிருப்பார்கள். யார் எங்கே ஜெயித்தார் என்பதற்கு மேல் ஏன் ஜெயித்தார் என்று எழுதக்கூடிய தாள் அதுதான். அது இணையத்தில் ஏறிய அன்றே உங்கள் தொகுதியைத் திறந்து, பழைய நான்கு தேர்தலோடு ஐந்தாவதாகச் சேர்த்து, அதே ஆசிரியருக்கு ஒரு செய்தி யோசனையை அனுப்புங்கள்.